குற்றம் நாக்கில் இல்லை

 

கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு பிளேன்டீ குடித்து முடிக்கும் நேரத்தில் வாசித்துவிடலாம். அந்தத் தேத்தண்ணிக்கு எத்தனை கரண்டி சீனி போட்டீர்கள் என்பதும் இந்தப் பதிவோடு சம்பந்தப்பட்ட விஷயம்தான்.

பெற்றோர் கூட்டத்தில் படிப்பைப் பற்றிக் கதைத்து முடிந்ததும் உம்மாமாரும் அம்மாமாரும் கடைசியில் சொல்வது அநேகமாக ஒன்றுதான். "டீச்சர், இவன் மரக்கறியைத் தொடுறானே இல்ல. சோடாவும் ரோல்ஸும் எண்டா மட்டும் உடனே முடியும். இவன்ட நாக்கு அப்பிடி."

வெள்ளவத்தையில் கேட்டாலும் கொட்டாஞ்சேனையில் கேட்டாலும் இதே முறைப்பாடுதான். இதில் முஸ்லிம் வீடு, தமிழ் வீடு, சிங்கள வீடு என்ற வித்தியாசம் இல்லை. குற்றவாளி எப்போதும் பிள்ளையின் நாக்கு.

என்னுடைய அபிப்பிராயம் வேறு. நாக்கு பாவம். அது செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் தபால்காரன் மட்டும்தான். கடிதத்தைப் பிரித்து வாசித்து "இது நல்லது, இன்னும் வேணும்" என்றும் "இது வேணாம், துப்பு" என்றும் முடிவெடுப்பது மூளை. அந்த மூளைக்கு வாசிக்கப் பழக்கியது நாங்கள். எனவே பிள்ளைக்குச் சோடா மட்டும்தான் ருசிக்கிறது என்றால், முதலில் அதைப் பழக்கிய பெரியவர்களிடம்தான் கேள்வி கேட்க வேண்டும். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை விளக்குகிறேன்.

முதலில் ஒரு பழைய பிழையைத் திருத்திவிடுவோம். என் வயதுக்காரர்கள் பலரும் படித்திருப்பீர்கள்: நாக்கு நுனியில் இனிப்பு, பக்கங்களில் உவர்ப்பும் புளிப்பும், அடியில் கைப்பு என்று ஒரு படம். அது சரியல்ல. 1901இல் ஹேனிக் என்ற ஜேர்மன் ஆய்வாளர், நாக்கின் இடத்துக்கு இடம் உணர்திறனில் மிகச் சிறிய வித்தியாசம் இருப்பதாக எழுதினார். 1942இல் அமெரிக்க உளவியலாளர் எட்வின் போரிங் தன் புத்தகத்தில் அதை வரைபடமாகப் போட்டபோது, சிறிய வித்தியாசம் பெரிய எல்லைக் கோடாக மாறிவிட்டது. உண்மையில் சுவையரும்பு உள்ள எல்லா இடத்திலும் எல்லாச் சுவையும் தெரியும். நுனி நாக்கில் ஒரு துளி பாவற்காய்ச் சாற்றை வைத்துப் பாருங்கள். கைக்கும்.

எங்கள் பெரியவர்கள் அறுசுவை என்றார்கள். இன்றைய விஞ்ஞானம் நாக்கில் ஐந்து சுவைகளுக்கு வாங்கிகள் இருப்பதாகச் சொல்கிறது. இனிப்பு, உவர்ப்பு, புளிப்பு, கைப்பு என்ற நான்கோடு ஐந்தாவது 'உமாமி'. 1908இல் கிகுனே இக்கேதா என்ற ஜப்பானிய இரசாயனவியலாளர் கடற்பாசிச் சாற்றிலிருந்து இதைப் பிரித்தெடுத்துக் காட்டினார். பெயர் புதிதாக இருந்தாலும் ருசி எங்களுக்குப் பழையது. சம்பலில் மாசி போட்டதும் வாயில் ஊறும் அந்தச் சுவை இருக்கிறதே, அதுதான்.

உறைப்பு இந்த ஐந்தில் இல்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

சரி, தபால் எப்படிப் போகிறது? உணவு எச்சிலில் கரைந்து சுவையரும்பின் கலங்களைத் தொடுகிறது. மூன்று சோடி மண்டையோட்டு நரம்புகள் அந்தச் செய்தியை மூளைத்தண்டுக்குக் கொண்டு போகின்றன. அங்கிருந்து தலமஸ், அதற்கப்பால் இன்சுலா என்ற மடிந்த பகுதி. 'இது இனிப்பு, இது கைப்பு' என்று இனம் காண்பது பெரும்பாலும் அங்கேதான். பிறகு நெற்றிக்குப் பின்னால், கண்களுக்கு மேலே உள்ள ஒரு பகுதியில் சுவை, மணம், சூடு, மென்மை, பசி எல்லாம் ஒன்று சேர்கின்றன. 'நல்லா இருக்கு' என்று நாங்கள் சொல்வது அந்தச் சங்கமத்தைத்தான். அதே புரியாணி முதல் பிடியில் தேவாமிர்தமாகவும் வயிறு நிரம்பிய பிறகு திகட்டலாகவும் இருப்பதற்குக் காரணமும் இதுவே. புரியாணி மாறவில்லை, மூளை போடும் புள்ளி மாறிவிட்டது.

இதில் மணத்தின் பங்கு நாங்கள் நினைப்பதைவிட மிகப் பெரியது. வகுப்பில் நான் செய்யும் ஒரு சின்னப் பரிசோதனை உண்டு. நீங்களும் வீட்டில் செய்து பாருங்கள். சீனியோடு கொஞ்சம் கறுவாத் தூளைக் கலந்து, மூக்கை இறுகப் பொத்திக்கொண்டு பிள்ளையின் நாக்கில் ஒரு சிட்டிகை வையுங்கள். இனிப்பு மட்டும்தான் தெரியும். மூக்கை விட்டதும் கறுவா 'பளிச்' என்று வந்து நிற்கும். பிள்ளைகள் கத்தியே விடுவார்கள். வாயிலிருந்து தொண்டைக்குப் பின்வழியாக மணம் மூக்குக்கு ஏறுகிறது. மூளையோ அதை 'வாயில் தெரியும் ருசி' என்று எழுதிக்கொள்கிறது. கொவிட் காலத்தில் மணம் போன பலர் "நாக்குச் செத்துப் போச்சு" என்று சொன்னது ஞாபகம் இருக்கிறதா? அநேகமானோருக்கு நாக்கு வேலை செய்துகொண்டுதான் இருந்தது. கட்டாகிப் போனது மூக்கின் இணைப்பு.

மணம் போய்ச் சேரும் இடமும் ஞாபகமும் உணர்ச்சியும் இருக்கும் இடமும் மூளையில் பக்கத்துப் பக்கத்து வீடுகள். வட்டிலப்பத்தின் ஏலக்காய் வாசம் வந்ததும் மௌத்தாகிப் போன உம்மம்மாவின் குசினி கண்ணுக்குள் வருவது அதனால்தான். ஆகவே ருசி என்பது வெறும் இரசாயனம் இல்லை. யார் தந்தார்கள், எப்போது தந்தார்கள், என்ன முகத்தோடு தந்தார்கள் என்பதெல்லாம் சேர்ந்துதான் மூளையில் பதிகிறது. இந்த இடத்தைக் கொஞ்சம் கவனித்து வாசியுங்கள். மீதிப் பதிவு முழுக்க இதில்தான் நிற்கிறது.

இப்போது உறைப்புக்கு வருவோம்.

உறைப்பு சுவை இல்லை, அது வலி. கொச்சிக்காயில் உள்ள கப்சைசின், சூட்டையும் எரிவையும் உணரும் வாங்கியைத் தட்டி எழுப்புகிறது. அந்த வாங்கியைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசை இன்னொருவரோடு பகிர்ந்து கொடுத்தார்கள். அதாவது கட்டச் சம்பல் சாப்பிடும்போது எங்கள் மூளைக்குப் போகும் செய்தி 'வாய் எரிகிறது' என்பதுதான். உலகத்தில் எந்தக் கைக்குழந்தையும் இதை விரும்பிப் பிறப்பதில்லை. மிளகாய் எங்கள் ஊர்ப் பயிரும் இல்லை. அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து, போர்த்துக்கேயர் காலத்தில் இந்தப் பக்கம் வந்தது. அதற்கு முன் எங்களுக்கு மிளகுதான்.

அப்படியிருந்தும் பத்து வயதாகும்போது எங்கள் பிள்ளைகள் உறைப்பில்லாத கறியை "சப்பெண்டு இருக்கு" என்று தள்ளி வைக்கிறார்கள். இது எப்படி நடந்தது?

உங்களுக்கே தெரியும். முதலில் இறைச்சித் துண்டைத் தண்ணியில் கழுவிக் கொடுத்தோம். பிறகு பருப்பில் பிசைந்து ஒரு பொட்டுக் குழம்பு. பிள்ளை அழுதால் தண்ணி கொடுத்து, தயிர் கொடுத்து, அடுத்த நாள் மறுபடியும். "என்ட மகன் இப்ப உறைப்பு சாப்பிடுவான்" என்று மாமிமாரிடம் பெருமையாகவும் சொன்னோம். நாங்கள் எல்லோரும் அவன் முன்னால் அதையே ஆசையாகச் சாப்பிட்டோம். வருடக்கணக்கில், பொறுமையாக, கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்காமல், வெருட்டாமல், வலியையே ருசியாக மூளைக்குப் படிப்பித்துவிட்டோம்.

எரிகிற ஒன்றையே விரும்பப் பழக்க முடிந்த எங்களால், எரியாத கீரையை ஏன் பழக்க முடியவில்லை? கீரைக்கு நாங்கள் அந்தப் பொறுமையைக் கொடுப்பதில்லை. இரண்டு தரம் துப்பினால் "இவனுக்குப் பிடிக்காது" என்று முத்திரை குத்திவிடுகிறோம். ஒரு புதிய மரக்கறியை ஏற்றுக்கொள்ள ஒரு பிள்ளைக்குப் பத்து, பதினைந்து தடவை கூடத் தேவைப்படலாம் என்பது உணவுப் பழக்கத்தை ஆராய்பவர்கள் திரும்பத் திரும்பக் கண்டது. இரண்டாவது தடவையோடு பாடத்தை நிறுத்தினால் எந்தப் பிள்ளை சித்தியடையும்?

பிறவியிலேயே வருவதும் கொஞ்சம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. பிறந்து சில மணித்தியாலமான குழந்தையின் வாயில் இனிப்புப் பட்டால் முகம் மலரும், கைப்புப் பட்டால் சுளிக்கும். இனிப்பு என்றால் சக்தி, கைப்பு என்றால் நஞ்சாக இருக்கலாம் என்ற முன்னெச்சரிக்கை அது. வளரும் பிள்ளைகளுக்குப் பெரியவர்களைவிட அதிக இனிப்புப் பிடிப்பதும் இயற்கை. எல்லா நாக்கும் ஒன்றும் இல்லை. 1931இல் ஆதர் பொக்ஸ் என்ற இரசாயனவியலாளரின் ஆய்வுகூடத்தில் ஒரு தூள் காற்றில் பறந்தது. பக்கத்தில் நின்றவர் "கைக்குது" என்றார். பொக்ஸுக்கு ஒன்றுமே தெரியவில்லை. பரம்பரை அலகில் உள்ள வித்தியாசம் அது என்று பிறகு உறுதியானது. எனவே உங்கள் பிள்ளை பாவற்காயைப் பார்த்து ஓடினால், நடிப்பு என்று ஏசாதீர்கள். அவன் வாயில் அது உங்கள் வாயில் கைப்பதைவிடக் கூடுதலாகக் கைக்கலாம். தேங்காய்ப்பால் விட்டு, வெங்காயம் போட்டு, கொஞ்சமாகத் தொடங்குங்கள்.

ஆனால் பிறவிக்குணம் தொடக்கம் மட்டும்தான். 2001இல் ஜூலி மெனெல்லாவும் அவரது குழுவினரும் வெளியிட்ட ஆய்வொன்றில், கர்ப்ப காலத்தில் அல்லது பாலூட்டும் காலத்தில் கரட் சாறு குடித்த தாய்மாரின் பிள்ளைகள், பிறகு கரட் கலந்த உணவைக் குறைவாகவே முகம் சுளித்து ஏற்றுக்கொண்டார்கள். பாடம் வயிற்றுக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது.

இனிச் சீனி. எனக்குக் கவலை இங்கேதான்.

2020இல் நியூயோர்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் எலிகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். இனிப்பே தெரியாத எலிகள் கூட, சில நாட்களில் சீனித் தண்ணியையே தேடிப் போயின. காரணம் குடலில் இருந்தது. சீனி குடலுக்குப் போனதும் அங்கிருந்து ஒரு நரம்புவழி மூளைக்கு "இதைத்தான் இன்னும் கொண்டு வா" என்று தனியாகச் செய்தி அனுப்புகிறது. செயற்கை இனிப்புகள் நாக்கை ஏமாற்றினாலும் இந்தக் குடல் வழியைத் தட்டவில்லை. எலியில் கண்டதை அப்படியே மனிதனுக்குப் பொருத்த முடியாதுதான். ஆனால் சீனிக்கு நாக்கு, குடல் என்று இரண்டு வாசல் என்பது யோசிக்க வேண்டிய விஷயம். கீரைக்கு அந்த வசதி இல்லை. போட்டி ஆரம்பத்திலேயே சமமில்லை. அதில் பெரியவர்களும் சீனியின் பக்கம் சேர்ந்து நின்றால் பிள்ளை என்ன செய்வான்?

எங்கள் பகுதிப் பிள்ளைகளின் பின்னேரத்தைப் பாருங்கள். பாடசாலை விட்டதும் டியூஷன். ஒரு வகுப்புக்கும் அடுத்ததுக்கும் இடையில் அரை மணித்தியாலம். கையில் காசு, முன்னால் கடை. ஒரு போத்தல் இனிப்புப் பானம், ஒரு ரோல்ஸ் அல்லது பெட்டிஸ். வாரத்தில் நான்கு, ஐந்து நாள். களைத்த மூளை, பசித்த வயிறு, பக்கத்தில் கூட்டாளிமார், சிரிப்பு. ஒரு ருசியை மூளையில் ஆழப் பதிக்க இதைவிட நல்ல வகுப்பறை கிடையாது.

போத்தலில் நிறப் பொட்டு இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. இனிப்புப் பானங்களுக்கு 2016 ஆகஸ்ட் முதல் இலங்கையில் அது கட்டாயம். 100 மில்லிலீற்றருக்கு 11 கிராமுக்கு மேல் சீனி என்றால் சிவப்பு, 2 முதல் 11 வரை செம்மஞ்சள், 2க்குக் கீழ் பச்சை. 2017 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில் பானங்களின் சீனிக்கு ஒரு கிராமுக்கு 50 சதம் வரியும் அறிவித்தார்கள். நல்ல வேலைகள். நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 100 மில்லிலீற்றரில் 10 கிராம் உள்ள பானத்துக்குச் செம்மஞ்சள் பொட்டு. பிள்ளை 100 மில்லிலீற்றரோடு நிறுத்துகிறானா? 400 மில்லிலீற்றர் போத்தல் என்றால் 40 கிராம், அதாவது சுமார் 10 தேக்கரண்டி. ஒரு பெரிய ஆளுக்கே ஒரு நாளைக்கு ஏறக்குறைய 25 கிராமுக்குள் சேர்க்கப்படும் சீனியை வைத்துக்கொண்டால் நல்லது என்பது 2015இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. 'சிவப்பு இல்லைதானே' என்று செம்மஞ்சளை வாங்கிக் கொடுக்கும் பெற்றோர் இந்தக் கணக்கை ஒரு தரம் பிள்ளையோடு சேர்ந்து செய்ய வேண்டும். கணிதப் பயிற்சியும் ஆகும்.

இது ஏதோ ஐரோப்பியக் கவலை இல்லை. 2005, 2006இல் நாடளாவிய ரீதியில் செய்த ஆய்விலேயே இலங்கையில் வளர்ந்தோரில் ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவோ அதற்கு முந்திய நிலையோ இருந்தது. நீரிழிவு இருந்தவர்களில் மூன்றில் ஒருவருக்குத் தனக்கு இருப்பதே தெரியாது. அதற்குப் பிறகு நிலைமை எப்படி என்று அறிய உங்கள் குடும்பத்தில் சீனி வருத்தக்காரரை விரல் விட்டு எண்ணிப் பார்த்தாலே போதும். காலில் புண் ஆறாமல் விரல் எடுத்தவர், கண் மங்கியவர், டயலிசிஸுக்குப் போய்வருபவர் எல்லோரும் எங்கள் தெருவில்தானே இருக்கிறார்கள்.

"நாங்களும் சீனி சாப்பிட்டுத்தானே வளர்ந்தோம்" என்று சிலர் சொல்வார்கள். உண்மை. ஆனால் எங்கள் காலத்தில் சோடா என்றால் பெருநாள், கல்யாணம், காய்ச்சல் விட்ட நாள். இன்று அது செவ்வாய்க்கிழமை. "பிள்ளைக்குச் சந்தோஷம் வேணாமா" என்றும் கேட்பார்கள். வேண்டும், கட்டாயம் வேண்டும். பெருநாளைக்கு வட்டிலப்பத்தை நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. அந்த வட்டிலப்பம் இனிக்க வேண்டுமென்றால் மற்ற நாட்கள் கொஞ்சம் குறைவாக இனிக்க வேண்டும் என்கிறேன்.

மாற முடியுமா என்றால், முடியும். 1982இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், சிலருக்கு ஐந்து மாதம் உப்புக் குறைந்த உணவு கொடுத்தார்கள். முடிவில் அவர்களுக்குப் பழைய உப்பு அளவு கூடுதலாகத் தெரிந்தது, குறைந்த உப்பே இதமாக இருந்தது. அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. பால்மா கிடைக்காமல் நாங்கள் திண்டாடிய காலத்தில் எத்தனை வீடுகள் பிளேன்டீக்கு மாறின? முதல் வாரம் சகிக்கவில்லை. பிறகு அதுவே பழகிவிட்டது. பால்மா திரும்ப வந்த பிறகும் பிளேன்டீயை விடாத எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். பொருளாதார நெருக்கடி பலவந்தமாகச் செய்ததை நாங்கள் விரும்பிச் செய்ய முடியாதா?

என்னுடைய வேண்டுகோள்கள் இவை.

பெற்றோருக்கு: தேத்தண்ணியில் சீனியை ஒரேயடியாக வெட்டாதீர்கள், சண்டை வரும். இரண்டு கரண்டியை ஒன்றே முக்கால் ஆக்குங்கள். இரண்டு கிழமை கழித்து ஒன்றரை. மூளைக்கே தெரியாமல் இறங்கிவிடலாம். பிள்ளை மறுத்த மரக்கறியை ஒரு சின்னத் துண்டு மட்டும், ஏச்சில்லாமல், வேறு வேறு நாட்களில் திரும்ப வையுங்கள். முக்கியமாக, நீங்கள் அதை அவன் முன்னால் ஆசையாகச் சாப்பிடுங்கள்.

"கீரையை முடிச்சா ஐஸ்கிரீம்" என்ற ஒப்பந்தத்தை விட்டுவிடுங்கள். லியான் பேர்ச் என்ற ஆய்வாளர் 1980களிலேயே இதைச் சோதித்துக் காட்டினார். பரிசாகக் கொடுக்கும் உணவின் மேல் விருப்பம் கூடுகிறது, பரிசுக்காகச் சாப்பிட வைத்த உணவின் மேல் விருப்பம் குறைகிறது. கீரை தண்டனை, ஐஸ்கிரீம் சம்பளம் என்று மூளை எழுதிக்கொள்கிறது. ஆசிரியர்களாகிய நாங்களும் கெட்டிக்காரப் பிள்ளைக்கு டொபி கொடுப்பதை நிறுத்தி, ஒரு பென்சிலோ ஒரு கைதட்டலோ கொடுக்கலாம்.

வீட்டில் பெரியவர்கள் இருப்போருக்கு: "உப்பில்ல, ருசியில்ல" என்று வாப்பா கத்தினால் பிடிவாதம் என்று நினைக்காதீர்கள். வயது போகப் போக மணம் பிடிக்கும் சக்தி குறையும். நீரிழிவுக்குக் கொடுக்கும் மெற்போமின் போன்ற மருந்துகள் சிலருக்கு வாயில் உலோகச் சுவையைத் தரும். அவருக்கு உண்மையாகவே ருசி தெரியவில்லை. உப்பைக் கூட்டாமல் மணத்தைக் கூட்டுங்கள். கறிவேப்பிலை, ரம்பை, கறுவா, வறுத்த தூள், கடைசியில் தேசிக்காய்ப் புளி. மூளை ருசிக்காகத் தேடுவதில் பெரும்பங்கு மூக்கு வழியாகத்தான் போகிறது.

டியூஷன் நடத்தும் சகோதரர்களுக்கு: வாசலில் ஒரு நல்ல தண்ணீர்க் குழாய் வையுங்கள். அவித்த கடலை விற்கும் ஒருவருக்குப் பக்கத்தில் இடம் கொடுங்கள். தேங்காய்ச் சொட்டும் செத்தல் மிளகாயும் போட்டுத் தாளித்த கடலையை வேண்டாம் என்று சொன்ன கொழும்புப் பிள்ளையை நான் இன்னும் காணவில்லை.

பள்ளிவாசல் நிர்வாகத்தினருக்கும் கோவில், தேவாலய நண்பர்களுக்கும்: நோன்பு திறக்கும் நேரத்துச் சர்பத்தில், திருவிழாத் தாகசாந்தியில், பெருவிழாச் சிற்றுண்டியில் இந்த வருடம் சீனியை நாலில் ஒரு பங்கு குறைத்துப் பாருங்கள். யாரிடமும் சொல்லாதீர்கள். யாராவது கண்டுபிடிக்கிறார்களா பார்ப்போம். வயிற்றை மூன்றாகப் பிரித்துச் சாப்பிடச் சொன்ன மார்க்கத்தில் இருந்துகொண்டு, சஹனைச் சுற்றி உட்கார்ந்து நாங்கள் மூன்று பங்கையும் சோற்றுக்கே கொடுக்கிறோம் என்பதையும் மெதுவாக ஞாபகப்படுத்திக்கொள்கிறேன்.

சுவையரும்பின் கலங்கள் ஏறக்குறைய பத்து நாள் முதல் இரண்டு வாரத்துக்குள் அழிந்து புதிதாகின்றன. இன்று உங்கள் பிள்ளையின் நாக்கில் இருக்கும் கலங்களில் பெரும்பாலானவை அடுத்த மாதம் இருக்காது. ஆனால் இன்று மூளையில் எழுதியது இருக்கும். அவனுக்கு நாற்பது வயதாகும்போது, நாங்கள் பக்கத்தில் இல்லாத நேரத்திலும், அது அவன் கையை ஏதோ ஒரு தட்டின் பக்கம் நீட்ட வைக்கும்.

உங்கள் வீட்டில் பிள்ளைக்கு மரக்கறியைப் பழக்கிய முறை ஏதும் இருந்தால் கீழே எழுதுங்கள். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் இன்னொரு உம்மாவுக்கு அதைச் சொல்வேன், இன்ஷா அல்லாஹ். பிரயோசனம் என்று நினைத்தால் குடும்பக் குழுமத்திலும் பகிருங்கள்.